போனெத் மலையின் பொய்க்கணக்கு

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். பிரான்சைக் குறை சொன்னால் பழைய நண்பர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

ஆல்ப்ஸில், மெர்கந்தூர் தேசியப் பூங்காவிலுள்ள போனெத் மலைச்சாலையை ஐரோப்பாவிலேயே உயரமானது என்கிறார்கள். கணவாய் 2715 மீட்டர்தான். அதே பிரான்சின் இசெரான் கணவாய் 2764. பட்டத்துக்காகச் சிகரத்தைச் சுற்றி 2802 மீட்டர்வரை வளையச் சாலை போட்டார்கள். ஸ்பெயினின் வெலேத்தா மலையிலோ சாலை 3300-ஐயும் தாண்டுகிறது!

என் கோப்பில் இப்படி எழுதியிருந்தால் மேலதிகாரி முகத்தில் எறிந்திருப்பார்.

ழோசியேவிலிருந்து 24 கிலோமீட்டர் மூச்சு முட்ட சைக்கிள் மிதித்து ஏறுகிறவருக்கு இந்தப் பொய் எதற்கு? 1962, 1964 தூர் த பிரான்ஸ் பந்தயங்களில் பஹமோந்தெஸ் முதல் ஆளாக இந்த மலையைக் கடந்தார். அந்தப் பெருமை போதாதா? கணக்கைத் திருத்துங்கள், ஐயா.