நிற்கத் தெரியாத செல்

குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், என்ற சொல் நம் கல்விப்புலத்தில் இரண்டு பொருளில் புழங்குகிறது. மறுவளர்ச்சி மருத்துவம் பேசும் கருத்தரங்கில் அது நம்பிக்கையின் பெயர். புற்றுநோயியல் அரங்கிலோ, சிகிச்சைக்குப் பின்னும் தங்கியிருந்து நோயை மீண்டும் வளர்க்கும் செல்லின் பெயர். இரண்டையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்து வைத்திருப்பது பெரும் இழப்பு என்பதே என் கருத்து. சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும்.

மனிதச் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சராசரியாக ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. கர்ப்பத்தின் 36ஆம் வாரத்தை ஒட்டி அவை உருவாகி முடிந்துவிடுகின்றன. அவற்றைக் கட்டும் முன்னோடிச் செல்கள் ஒருபுறம் தம்மைப் பெருக்கிக்கொண்டு, மறுபுறம் நெஃப்ரான்களாக முதிர்கின்றன. இறுதியில் எஞ்சியவையும் முதிர்ந்துவிட, கையிருப்பு தீர்ந்துபோகிறது. அதற்குப் பின் இழக்கும் நெஃப்ரானுக்கு ஈடாகப் புதியது பிறப்பதில்லை.

இந்த முதிர்ச்சி தடைப்பட்டால் நேர்வதே வில்ம்ஸ் கட்டி. 1899இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் விரிவாக எழுதிய இந்நோய், குழந்தைகளைத் தாக்கும் சிறுநீரகப் புற்றுநோய்களில் மிகப் பரவலானது. நுண்ணோக்கியில் பார்த்தால் முதிராத செல்கள், அரைகுறையான குழாய்கள், இடைத்திசு ஆகியவை கலந்து, சிறுநீரகத்தைக் கட்டத் தொடங்கி இடையில் விட்டதுபோல் தோன்றும்.

2014இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதன் பொருளை ஆழப்படுத்தின. ஜார்ஜ் டேலி குழுவினர், எலிக்கருவின் வளரும் சிறுநீரகத்தில் லின்28 என்னும் புரதத்தை மிகையாகச் சுரக்கச் செய்தனர். முன்னோடிச் செல்கள் முதிராமல் பெருகி, வில்ம்ஸ் கட்டியை ஒத்த நோய் உண்டாயிற்று. அப்புரதத்தை நிறுத்தியதும் கட்டி பின்வாங்கியது; இரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ் போன்ற அமைப்புகள் பெருகின. இந்த லின்28, 2007இல் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் மனிதத் தோல் செல்களைக் குருத்தணு நிலைக்குத் திருப்பப் பயன்படுத்திய நான்கு காரணிகளுள் ஒன்று என்பதையும் மறக்கலாகாது. மற்றோர் ஆய்வில், கியோட்டோ பல்கலைக்கழகத்தார் எலியின் உடலுக்குள்ளேயே செல்களைக் குருத்தணு நிலைக்குத் திருப்பும் செயலைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினர். சிறுநீரகத்தில் தோன்றிய கட்டிகள் வில்ம்ஸ் கட்டியை ஒத்திருந்தன.

எல்லாச் சிறுநீரகப் புற்றுநோய்களும் இவ்வழியில் வருவன அல்ல. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தெளிசெல் புற்றுநோய், பெரும்பாலும் முதிர்ந்த குழாய்ச் செல்களில் விஎச்எல் மரபணு செயலிழப்பதால் தொடங்குகிறது. எனினும் வில்ம்ஸ் கட்டி உணர்த்தும் பாடம் பொதுவானது: நெஃப்ரானைக் கட்டும் ஆற்றலும் கட்டியாகப் பெருகும் ஆற்றலும் அடுத்தடுத்து இருப்பவை. இடையில் நிற்பது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு மட்டுமே.

இதை நாம் பொதுவெளியில் சொல்லவேண்டிய தேவை இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளின் குடும்பங்களை நோக்கி, ‘குருத்தணு ஊசியால் சிறுநீரகம் மீளும்’ என்னும் விளம்பரங்கள் வருகின்றன. ஒப்புதல் பெற்ற சில இரத்த நோய்களைத் தவிர, பிற நோய்களுக்கான குருத்தணுப் பயன்பாடு ஆய்வு நிலையிலேயே உள்ளது என்கிறது 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிமுறை. ஆனால் தடை என்று மட்டும் சொன்னால், நம்பிக்கையற்ற மனிதருக்கு அது அதிகாரியின் பிடிவாதமாகவே படும். காரணத்தைச் சொல்லவேண்டும். எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்துச் செலுத்தும் செல்கள் மனிதரில் புதிய நெஃப்ரான் கட்டும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. உண்மையாகவே கட்டவல்ல செல்லோ, கட்டுப்பாடு தவறினால் புற்றாக மாறக்கூடியது. இவ்விரண்டில் எதைச் செலுத்துகிறார்கள் என்று அந்தக் குடும்பம் கேட்கும் வகையில் நாம் எழுதவேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறுநீரக ஆர்கனாய்டு வளர்ப்பவர்கள் வில்ம்ஸ் கட்டி பற்றிய கட்டுரைகளையும், கட்டியை ஆராய்பவர்கள் கருவளர்ச்சி பற்றிய கட்டுரைகளையும் தம் வாசிப்பில் சேர்த்துக்கொள்ளட்டும். நெறியாளர்களும் நிதிக்குழுக்களும், ‘இந்தச் செல் எத்தனை நெஃப்ரான்களை உருவாக்கும்?’ என்று கேட்பதற்கு முன், ‘எதனால் நிற்கும்?’ என்று கேட்கட்டும்.