தென்காசியில் மடிக்கணினி, நியூ ஜெர்சியில் கடிகாரம்

தாயகத்தில் முதுமையடைந்த பெற்றோர். இங்கே விட இயலாத பணி. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் நம் அன்பர்கள் பலர், சில மாதங்கள் ஊருக்குச் சென்று அங்கிருந்தவாறே அலுவலகப் பணியைத் தொடர்ந்தால் என்ன என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் இது வெறும் கனவன்று. அண்மையில் வேலையில் சேர்ந்த நம் பிள்ளைகளிலும் சிலர், தாத்தா பாட்டியுடன் ஒரு பருவம் வாழ்ந்து பார்க்க இவ்வழியை எண்ணுகின்றனர். இதனை மனமார வரவேற்கிறோம். ஆனால் இது குறித்த பேச்சு பெரும்பாலும் வாடகை எவ்வளவு, இணைய வேகம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடுகிறது.

தென்காசியையே எடுத்துக்கொள்வோம். ஜோஹோ நிறுவனம் அதனை அடுத்த மத்தளம்பாறையில் 2011ஆம் ஆண்டிலேயே அலுவலகம் அமைத்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியை விட்டு அங்கே குடிபெயர்ந்தார். மென்பொருள் எழுத மாநகரம் தேவையில்லை என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. கண்ணாடியிழை இணைப்பும் ஓர் இன்வெர்ட்டரும் இருந்தால் பணி நடக்கும். பராமரிப்புக்காக மின்வாரியம் முன்னறிவித்து மின்சாரத்தை நிறுத்துவது பகலில்தான். அதனால் இரவில் பணிபுரிவோருக்கு வேலை கெடாது, உறக்கமே கெடும்!

உண்மையான இடர்ப்பாடு கடிகாரம். கோடைக்காலத்தில் நியூ ஜெர்சியின் காலை 9 மணி, தென்காசியில் மாலை 6.30, டெக்சாசின் 9 மணி, இரவு 7.30, வளைகுடாப் பகுதியின் 9 மணி, இரவு 9.30. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மேலோட்டமாக நோக்கின் நியூ ஜெர்சி அன்பர்களே நற்பேறு பெற்றவர்கள் எனத் தோன்றும். ஆனால் மாலை ஆறரை என்பது எந்த நேரம்? வீட்டில் விளக்கேற்றும் நேரம். அண்டை வீட்டார் திண்ணைக்கு வரும் நேரம். தந்தை உணவருந்தி, மருந்துண்டு, ஒன்பது மணிக்குள் உறங்கச் செல்லுமுன் எஞ்சிய நேரம். சரியாக அப்பொழுதுதான் மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கூட்டத்தில் அமர்கிறான். வளைகுடாப் பகுதியினருக்கு மாலை கிடைக்கும். ஆனால் விடியும்வரை விழித்திருந்து, முற்பகல் முழுதும் உறங்குவர். பிலிப்பைன்ஸின் பாக்கலோட், இலொய்லோ போன்ற நகரங்களில் அமெரிக்க நேரத்திற்கு உழைப்போர் ஆயிரக்கணக்கில் உள்ளதால், பகலுறக்கம் அங்கே எவருக்கும் வியப்பளிக்காது. தென்காசியில் காலை பத்து மணிக்கு உறங்குபவரைக் கண்டால், உடம்புக்கு என்ன என்று உறவினர் விசாரிக்க வந்துவிடுவர்.

ஆகவே பயணச்சீட்டுக்கு முன்னர் மேலாளரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டங்களை இந்திய நேரம் இரவு 8.30 முதல் 10.30 வரை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? கோடையில் அது நியூ ஜெர்சியில் காலை 11, டெக்சாசில் 10, வளைகுடாப் பகுதியில் 8 மணிக்குத் தொடங்கும். எவருக்கும் ஒவ்வாத நேரமன்று. எஞ்சிய பணியைப் பகலில் தனியே முடித்துக்கொள்ளலாம். மாலைப்பொழுது பெற்றோருக்கு உரியதாகும். முழு அமெரிக்கப் பகலையும் உடனிருந்து உழைக்கவேண்டும் என்று வற்புறுத்தும் நிறுவனமெனில், ஆறு மாதம் பணியுடன் செல்வதைவிட மூன்று வாரம் விடுப்புடன் செல்வதே மேல் என்பது எங்கள் துணிபு.

சட்டத்தையும் மறத்தலாகாது. நிறுவனத்தின் எழுத்துவழி இசைவு இன்றிச் செல்லாதீர்கள். பச்சை அட்டை பெற்றோர் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்குவதாயின், புறப்படுமுன் அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட இடைவெளி குடியுரிமை விண்ணப்பத்தைப் பாதிக்கக்கூடும். ஹெச்-1பி விசா முத்திரை காலாவதியானவர்கள் தூதரக நேர்காணலின்றித் திரும்ப முடியும் என எண்ண வேண்டா. ஒரு நிதியாண்டில் 182 நாட்களை எட்டினால் இந்திய வருமானவரிச் சட்டம் உங்களை அங்கே வசிப்பவராகக் கருதும். குறைந்த நாட்களிலும் வரிக் கேள்வி எழலாம் என்பதால் கணக்கரை அணுகுங்கள். ஓசிஐ அட்டை உடையோருக்குத் தங்கவும் பணிபுரியவும் பொதுவாகத் தனி விசா வேண்டியதில்லை.

இளைஞர்களுக்கு ஒரு சொல். சுரண்டைக்கோ பாவூர்ச்சத்திரத்திற்கோ செல்லும் நகரப் பேருந்தின் பெயர்ப்பலகை தமிழில் இருக்கும். பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் ஒவ்வொரு முறையும் யாரையேனும் கேட்டே ஏறவேண்டும். செல்லுமுன் இரண்டு மாதம் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகுங்கள். செங்கோட்டைப் பக்கத்துப் புரோட்டாக் கடைக்குப் போய்வரவும் அது உதவும்.

குற்றாலத்தில் சாரல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அதற்குள் செல்ல விழைவோர் மார்ச் மாதத்திலேயே மேலாளரிடம் பேசிவிடுவது நன்று.