இன்ஹேலருக்கு ஏன் அச்சம்?

"பெண் பிள்ளை; இன்ஹேலர் வைத்திருப்பது வெளியே தெரிந்தால் நிக்காஹ் தடைப்படும். மாத்திரையே கொடுங்கள்" என்று கேட்கும் தாய்மார்கள் இன்றும் உளர். மாப்பிள்ளை வீட்டாருக்கு அஞ்சிப் பிள்ளையின் மூச்சைப் பணயம் வைப்பதா?

ஆஸ்துமாவில் சுருங்குவது மூச்சுக்குழல். 4 மில்லிகிராம் சால்புட்டமால் மாத்திரை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவதோ 100 மைக்ரோகிராம்தான். அதாவது நாற்பதில் ஒரு பங்கு. அதுவும் நேரே மூச்சுக்குழலையே சென்றடைகிறது.

நோய் ஆஸ்துமாதானா என்ற ஐயமிருப்பின் ஸ்பைரோமெட்ரி சோதனை உண்டு. கருவியில் ஊதச் செய்து, மருந்து கொடுத்து, கால் மணி நேரத்திற்குப்பின் மீண்டும் ஊதச் செய்வர். காற்றின் அளவு எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பர்.

சால்புட்டமாலை மட்டுமே நம்பியிருப்பதும் ஆபத்தே. குழலின் அழற்சியைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். இழுப்பு நின்றுவிட்டதென்று அதை நாமாக நிறுத்தலாகாது. உபயோகித்தபின் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுக.