முதலில் மதில், பிறகு எழுப்புதல்

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் வாலிபர் ஊழியம் செய்யும் தோழர்களே, தம்பிமாரே, தங்கச்சிமாரே,

மழைக்கு முன் நம் கையில் இருப்பது சில கிழமைகள்தான். ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நின்று பெய்யும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் பிழைத்த பிள்ளைகள் உண்டு. திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இல்லை, சிலருக்குப் பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மண்சரிவு, மறுபடியும் ஒப்பாரி.

இதே மாதங்களில்தான் நம் சபைகளில் எழுப்புதல் கூட்டத்துக்கும் நாள் குறிக்கிறோம். வேன் பிடிக்கிறோம், ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்கிறோம், வெளியூரிலிருந்து பிரசங்கியாரை அழைக்கிறோம். மூன்று இரவு முழங்காலில் நின்று அழுகிறோம். நாலாம் நாள் விடிந்தால் பெரட்டு. அந்தக் கண்ணீரை நான் கேலி செய்யவில்லை. அது பொய்யில்லை என்று பக்கத்தில் முழங்காலில் நின்றவனுக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: ஆவியானவர் தொட்ட பிள்ளை லயத்துக்குத் திரும்பி வந்து என்ன செய்கிறது?

நெகேமியாவின் புத்தகத்தைத் திறவுங்கள். எழுப்புதல் என்றதும் நாம் எடுப்பது எட்டாம் அதிகாரம். தண்ணீர் வாசலுக்கு முன்னால் எஸ்றா நின்று காலையிலிருந்து மத்தியானம் வரை வாசிக்கிறார், ஜனங்கள் அழுகிறார்கள். அதற்கு முன் ஏழு அதிகாரம் கிடக்கிறதே, அதை யார் வாசிப்பது? மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிவிடுகிறோம். ஆனால் யார் யார் மதில் கட்டினார்கள் என்று பாருங்கள். ஒருவர் தட்டார், ஒருவர் தைலக்காரர். சல்லூம் என்பவர் தன் குமாரத்திகளையும் கூட்டிக்கொண்டு வந்து கட்டுகிறார். பலர் கட்டியது அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கை. தெக்கோவா ஊர்ப் பெரியவர்கள் மட்டும் தோள் கொடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. (அந்தப் பெரியவர்கள் எல்லாச் சபையிலும் முன்வரிசையில் இருப்பார்கள்.) 52 நாளில் மதில் முடிந்தது.

நடுவே ஐந்தாம் அதிகாரத்தில் கடன் வருகிறது. தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைக்கு விட்டோம் என்று ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா ஜெபக்கூட்டம் போடவில்லை. வட்டி வாங்கிய பெரிய மனிதர்களைச் சபைக்கு நடுவே நிறுத்தி, வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். இதெல்லாம் நடந்த பிறகுதான் எட்டாம் அதிகாரம். நாமோ மூன்றையும் ஐந்தையும் தாண்டி நேரே எட்டில் குதிக்கிறோம். குதித்துவிட்டு, எழுப்புதல் ஏன் நிலைக்கவில்லை என்று உபவாசம் இருக்கிறோம்.

நம் லயத்தில் ஐந்தாம் அதிகாரத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. நுண்கடன்காரர் மோட்டர் சைக்கிளில் வரும் நாளன்று இஸ்தோப்பில் எத்தனை கதவு சாத்தியிருக்கிறது என்று பார்த்தாலே போதும். ஒரு வீட்டில் அம்மாவின் காதில் கிடந்த தோடு அடகுக்கடையில். பெரிய பிள்ளை சாதாரண தரம் எழுதிவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டது. அதற்கு அடுத்தது, வகுப்பில் கெட்டிக்காரி, ஆடைத் தொழிற்சாலைக்குப் போக வயது எப்போது ஆகும் என்று கேட்கிறது. இந்த வீட்டில் நீங்கள் கைவைத்து ஜெபிக்கலாம். ஜெபித்துவிட்டுக் கடன் கொப்பியை வாங்கிப் பாருங்கள். எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு கட்டினார்கள், வட்டி என்ன என்பதை அந்த அம்மாவுக்கு யாரும் கூட்டிச் சொன்னதே இல்லை. கூட்டிச் சொல்ல நீங்கள் படித்த கணக்கு போதும்.

சனத்தோடு நின்று வேலை செய்வது இங்கே புதுமை இல்லை, தோழர்களே. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல் பதுளை தனி மறைமாவட்டம் ஆனபோது அந்தப் பழைய பெரிய ஆசனத்தை விட்டு இங்கே வந்தார். 1982இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவன குருமடத்தில், குருவாகப் போகிறவன் சனங்களோடு வாழ்ந்து பழக வேண்டும் என்றார். சிங்களம் பேசும் ஒரு துறவி நம் ஊவாவில் செய்தது அது. இன்னும் முன்னே போனால் 1940. பதுளைப் பக்கம் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே ஒரு தொழிலாளர் சபையைத் தெரிவுசெய்து, துரை அந்தச் சபையைக் கலந்தே நடக்க ஒப்புக்கொள்ளும்படி செய்தார்கள். ஆயுதத்தோடு வந்த பொலிஸாரிடமிருந்து ஆயுதத்தையும் பறித்தார்கள். அது சங்கத்தின் வேலை, சமசமாஜக்காரர்களின் காலம். நம் சபைகளுக்கு அதில் பெருமை கொண்டாட இடமில்லை. ஆனால் அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் வாலிபர் கூட்டத்தில் கிட்டார் வாசிக்கிறார்கள். அவர்களுக்கு இதை யார் சொன்னது?

இனி வேலை. செப்டெம்பர் 8ஐ முதல் நாளாக எண்ணினால் ஒக்டோபர் 29 ஐம்பத்திரண்டாம் நாள். அந்த 52 நாளுக்குள் ஒவ்வொரு வாலிபர் குழுவும் ஒரு டிவிஷனை எடுக்க வேண்டும். சொந்த டிவிஷன், அவரவர் வீட்டுக்கு எதிரே என்பதை மறக்க வேண்டாம். லயத்துக்குப் பின்னால் அடைபட்ட கானை வெட்டித் திறவுங்கள். மண்ணில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் ஊற்று, கலங்கி வரும் தண்ணீர், திடீரென இறுகும் கதவு: எதைக் கண்டாலும் திகதி போட்டு எழுதி, கிராம சேவகரிடம் கொடுத்துப் பிரதி வாங்குங்கள். அடி சமமாகவும் வாயும் அடியும் ஒரே அகலமாகவும் உள்ள போத்தலும் அடிமட்டமும் இருந்தால் மழையை அளக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் எவர் வார்த்தைக்கும் காத்திராமல் வெளியேற்றம். மேடான, உறுதியான நிலத்தில் உங்கள் ஆலயம் இருந்தால் அந்த இரவுகளில் திறப்பு யாரிடம் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். பாயையும் பாத்திரத்தையும் பார்த்துத் தயங்குகிற மூப்பருக்கு மூன்றாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள்.

கோயில் கமிட்டியையும் தலைவர்மாரையும் முதல் நாளே கூப்பிடுங்கள். லயத்தில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான் அதிகம். மலை இறங்கினால் வேதம் பார்த்து இறங்காது. கான் வெட்டப் போகிற இடத்துக்குத் துண்டுப்பிரசுரம் கொண்டுபோகக் கூடாது, கண்டிப்பாக. ஆபத்தான இடத்தில் இருக்கும் குடும்பங்களின் பட்டியலை எல்லாரும் கையெழுத்திட்டுப் பிரதேச செயலகத்துக்கு எடுத்துப் போவோம். மலையகம் வந்து 200 வருடம் என்று 2023இல் நடந்து காட்டிய சனம், தனக்கென்று பாதுகாப்பான ஒரு துண்டு நிலம் கேட்பது பிச்சை இல்லை.

எழுப்புதல் கூட்டம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? வையுங்கள், நவம்பரில் வையுங்கள். அழுவோம். ஆனால் அதற்கு முன் செப்டெம்பர் 8க்குள் உங்கள் குழுத் தலைவரிடம் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய எண், வேலைக்கு வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை இவ்வளவும் எழுதிக் கொடுங்கள். மம்பட்டி இல்லாதவர்கள் அதையும் எழுதுங்கள், இரவல் பிடிக்கலாம். தங்கச்சிமாரே, கொப்பியும் கணக்கும் உங்கள் பொறுப்பு என்று அண்ணன்மார் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள், சல்லூமின் மகள்கள் மதிலில்தான் நின்றார்கள்.