தகுதியும் உலக நீதிமன்றமும்

சமீபத்தில் பெரம்பலூரில் ஒரு வக்கீல் நண்பர் நம்மிடம், “எல்லாவற்றிலும் பங்கு கேட்கிறீர்களே, ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்திலுமா வகுப்புவாரி கேட்பீர்கள்? அங்கே தகுதி ஒன்றுதானே!” என்று பரிகாசம் செய்தார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே அது ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் நமது பதில்.

அக்கோர்ட்டின் 1945-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். நீதிபதிகள் 15 பேர். உயர்ந்த நீதிபதிப் பதவிக்கு யோக்கியதை உடையவரோ, சர்வதேசச் சட்டத்தில் பேர்போன நிபுணரோதான் வரலாம் என்கிறது 2-ஆவது விதி. ஒரே நாட்டார் இருவர் கூடாது என்கிறது 3-ஆவது விதி. உலகத்தின் முக்கிய நாகரிகங்களுக்கும் சட்ட முறைகளுக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்கிறது 9-ஆவது விதி. “அது நாடுகளுக்கு, ஜாதிகளுக்கல்லவே” என்பார்கள். பலதரப்பட்டார் கூடியிருந்தால்தான் நீதி நீதியாகும் என்ற நியாயம் நாட்டுக்கு ஒன்று, ஜாதிக்கு ஒன்றா? இங்கே 14 காலேஜ் இடங்களில் பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2 என்று பங்கிட்ட கம்யூனல் ஜி.ஓ.வை மட்டும் 1951-இல் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்றது. அவ்வருஷமே அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று!

சரி, இந்தியாவிலிருந்து அந்நாற்காலிக்குப் போனவர்கள் யார்? 1952-இல் பி.என். ராவ், கேம்பிரிட்ஜில் படித்த ஐ.சி.எஸ். 1973-இல் நாகேந்திர சிங். துங்கர்பூர் ராஜ குடும்பத்தார், அவரும் ஐ.சி.எஸ். 1989-இல் ஆர்.எஸ். பாதக், துணை ஜனாதிபதியாயிருந்தவரின் மகன். 2012-இல் தல்வீர் பண்டாரி. தகப்பனாரும் பாட்டனாரும் வக்கீல்கள். இவர்களுக்கு அறிவில்லை என்று நாம் சொல்லவில்லை. அறிவு வளர்வதற்கு வீட்டிலேயே வசதி இருந்தது என்றுதான் சொல்லுகிறோம்.

வசதியற்றவனுக்கு வழி கிடைத்தால் என்ன ஆகும்? ராதாபினோத் பாலைப் பாருங்கள். வங்காளத்தில் ஏழை வீட்டில் பிறந்து, காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்து, சட்டம் படித்தவர். 1948-இல் டோக்கியோ போர்க்குற்ற விசாரணையின் 11 நீதிபதிகளில், எல்லோரையும் விடுதலை செய்ய வேண்டுமென்று எழுதியவர் அவர் ஒருவரே. அதில் நமக்குச் சம்மதமோ இல்லையோ, அத்துணிவை எந்த ஜாதகம் கொடுத்தது? 1952 முதல் 1966 வரை ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்டக் கமிஷனிலும் இருந்தார்.

ஆகவே, வக்கீல் நண்பரை நாம் கேட்கிறோம்: இங்கே வெங்காயக் காட்டில் களை பறிப்பவளின் மகள் ஹேக் போய்ச் சேர எத்தனை கதவு? இங்கிலீஷ் ஒரு கதவு. சட்டக் காலேஜ் ஒரு கதவு. சீனியர் வக்கீலின் ஆபீஸ் ஒரு கதவு. சீமைப் பட்டம் ஒரு கதவு. டில்லி ஒரு கதவு. அத்தனை கதவையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, “தகுதி எங்கே?” என்று கேட்பது யோக்கியமா? முதலில் சாவியைக் கொடுங்கள். தகுதியைப் பிறகு பார்ப்போம்.