வில், நாண், அம்பு

ஆரணிப் பட்டுச் சேலை ஒன்றை விரித்து, அதன் உடலில் இறைத்திருக்கும் வட்டப் புட்டாக்களில் ஒன்றை நமது சகோதரிகள் சற்றே உற்று நோக்குவார்களாக. தூரத்தில் முழுமதி போல் தோன்றுவது, கண்ணருகே கொண்டுவந்தால் படிப்படியாய் அகன்று, படிப்படியாய்க் குறுகும் வரிசைகளாகவே தெரியும். தறிக்கு வளைகோடு தெரியாது. பாவு நெடுக ஓடுகிறது. ஊடை குறுக்கே ஓடுகிறது. நேராக ஓடும் இந்த இழைகளைக் கொண்டே நெசவாளி வட்டத்தைப் படைத்தாக வேண்டும்.

அதற்காகக் கட்டம் போட்ட காகிதத்தில் முதலில் சித்திரம் எழுதுவார்கள். ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை கட்டங்களை நிரப்புவது என்று முடிவான பிறகே ஜக்கார்டு அட்டையில் துளைகள் விழும். கைதேர்ந்த சித்திரக்காரர் இதைக் கண்ணளவாலேயே செய்துவிடுவார். இன்று கம்ப்யூட்டரும் செய்கிறது. ஆனால் கேள்வி ஒன்றுதான்: வட்டத்தின் உச்சியிலிருந்து இத்தனை வரிசை கீழே இறங்கினால், அங்கே அதன் அகலம் என்ன?

விட்டம் 20 கட்டம் என்று கொள்வோம். உச்சியிலிருந்து 2 கட்டம் இறங்கினால் கீழே 18 எஞ்சும். இரண்டையும் பெருக்க 36. அதன் வர்க்கமூலம் 6. மையக்கோட்டுக்கு இப்புறம் 6, அப்புறம் 6, ஆக அகலம் 12. நான்கு கட்டம் இறங்கினால் 4-ஐ 16-ஆல் பெருக்க 64. பாதி அகலம் 8, முழு அகலம் 16. பத்துக்கு வந்தால் பத்தும் பத்தும் நூறு. அகலம் 20, அதாவது விட்டமே. (பாவின் நெருக்கமும் ஊடையின் நெருக்கமும் ஒன்றாயிராவிட்டால், காகிதத்து வட்டம் துணியில் முட்டை வடிவாகிவிடும். கட்டத்தின் நீள அகலங்களை அதற்கேற்றபடி வகுத்துக்கொள்வது வேறு கணக்கு.)

இவ்விதியைச் சொன்னவர், கி.பி. 499-ஆம் ஆண்டில் தமக்கு வயது 23 என்று தம் நூலிலேயே குறித்திருக்கும் ஆரியபடர். குறுக்குக்கோட்டை அவர் நாண் என்றார். அதனால் வெட்டுண்ட விட்டத்தின் இரு துண்டுகளையும் அம்புகள் என்றார். அம்புகளின் பெருக்கம் அரைநாணின் வர்க்கத்துக்குச் சமம் என்பது அவர் வாக்கு. நம்மவர் வழங்கிய ‘ஜ்யா’ என்னும் இந்த நாண்தான் அரபு நாட்டுக்குச் சென்று, லத்தீனில் தப்பாய் மொழிபெயர்க்கப்பட்டு, ‘சைன்’ என்ற பெயருடன் நம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது!

நாண்கள் செங்குத்தாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதுமில்லை. எப்படி வெட்டினாலும் ஒன்றின் இரு துண்டுகளின் பெருக்கம் மற்றதன் துண்டுகளின் பெருக்கத்துக்குச் சமம். இந்தப் பொது விதி, ஆரியபடருக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட்டின் மூன்றாம் புத்தகத்தில் இருக்கிறது. நமது பெருமையைப் பேசும்போது இதை மறைப்பது அழகன்று. காரணமும் எளிதே. நாண்களின் முனைகளை இணைத்தால் எதிரெதிரே இரு முக்கோணங்கள் உண்டாகும். வெட்டும் இடத்தில் எதிர்க் கோணங்கள் சமம். ஒரே வில்லின்மீது நிற்கும் கோணங்களும் சமம். ஆகவே இரண்டும் ஒரே வடிவுடையவை. பக்கங்களின் விகிதமும் ஒன்றே.

வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாணின் துண்டுகள் 3, 8, மற்றதன் ஒரு துண்டு 4, மீதி எவ்வளவு? மூன்றும் எட்டும் பதினொன்று, நாலு போக ஏழு என்று பாதி வகுப்பு கூவும். கூட்டினால் நாண்கள் இரண்டும் சம நீளமாகிவிடும். அவை ஏன் சமமாயிருக்க வேண்டும்? பெருக்கினால் 24, நான்கால் வகுக்க 6. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவைக்க எண்ணும் பிள்ளைகளில், வீட்டுத் தறியில் நாள்தோறும் வட்டம் உருவாவதைப் பார்த்து வளர்ந்தவர்களும் உண்டு. கரும்பலகை வட்டத்துக்கும் சேலை வட்டத்துக்கும் உறவு உண்டென்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. நமக்கு வருத்தம் தருவது இதுதான்.

ஆரியபடரின் விதிக்கு கி.பி. 629-இல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. அவர் காட்டும் உதாரணத்தில், 12 முழச் சுவரின்மேல் ஒரு பருந்து. சுவரடியிலிருந்து 24 முழத்தில் ஓர் எலி. எலி சுவரிலுள்ள வளையை நோக்கி ஓட, பருந்து சாய்வாகப் பாய்ந்து வழியிலே கொல்கிறது. இரண்டும் கடந்த தூரம் சமம். சுவரை அரைநாணாகவும் 24-ஐ ஓர் அம்பாகவும் கொண்டால், 144-ஐ 24-ஆல் வகுக்க மற்ற அம்பு 6. விட்டம் 30; பருந்து பாய்ந்தது 15 முழம். வளையை அடைய எலிக்கு இன்னும் 9 முழமே இருந்தது, பாவம்!

இவ்வாரம் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு கணக்கு. உடைந்த கண்ணாடி வளையலின் துண்டு ஒன்று. முனைக்கு முனை நேர் தூரம் 6 சென்டிமீட்டர். அந்த நேர்கோட்டின் நடுவிலிருந்து வளைவின் உச்சி வரை 2 சென்டிமீட்டர். முழு வளையலின் விட்டம் எவ்வளவு? விடை அடுத்த இதழில்.