ஆற்றுக் கணக்கை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்



நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்தது போலக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் குழுவில் ஒரு மாணவன், இப்போது நல்ல பதவியில் இருப்பவன், எழுதியிருந்தான்: "ஆத்துத் தண்ணி டேட்டாவை எல்லாம் பொதுவில போட்டா, பக்கத்து மாநிலத்துக்காரன் அதை வச்சே நம்மள மடக்குவான் சார்." அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள். அந்தப் பதினேழு பேருக்கும் சேர்த்துத்தான் இது.

ஓர் ஆற்றை மட்டும் பார்த்து வெள்ளத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரே பிள்ளைக்குப் பாடம் நடத்திய வாத்தியாருக்குப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும்? அமெரிக்காவில் 671 ஆற்றுப்படுகைகளை எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தினசரி மழை, வெப்பம், ஆற்றில் ஓடிய நீர், சரிவு, மண், காடு எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் தொகுத்து யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அதற்குக் கேமல்ஸ் என்று பெயர். (தண்ணீர் ஆராய்ச்சிக்கு ஒட்டகத்தின் பெயர், குறும்புதான்.) பிறகு சிலி, பிரேசில், பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று வரிசையாக வந்தன. 2023-இல் இவற்றையெல்லாம் கோத்து 6,830 படுகைகளுடன் கேரவன் என்ற தொகுப்பு வெளியானது. அந்த முதல் தொகுப்பில் இந்தியா இல்லை.

நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. தீபகற்ப இந்தியாவின் 228 படுகைகளுக்கு, 1980 முதல் 2020 வரையிலான கணக்கைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். கைதட்ட வேண்டிய வேலை. ஆனால் ஏன் தீபகற்பம் மட்டும்? கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆகியவற்றின் நீரோட்டக் கணக்கு ரகசியப் பட்டியலில் இருக்கிறது. பல கோடிப் பேர் கரையில் வாழும் கங்கையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அந்தக் கரைக்காரனே கேட்டுப் பெற முடியாது.

"இப்பதான் சேட்டிலைட் இருக்கே" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சேட்டிலைட் மழை மேகத்தைப் பார்க்கும், நீர்ப்பரப்பைப் பார்க்கும். முறப்பநாட்டில் தாமிரபரணி நொடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று அதனால் நேரடியாகச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு மனிதன் ஆற்றுக்குப் போக வேண்டும். அளவுகோலில் உயரம் பார்க்க வேண்டும், கரண்ட் மீட்டரை இறக்கி வேகம் அளக்க வேண்டும். இத்தனை அடி உயரம் என்றால் இத்தனை கன அடி என்ற கணக்கு அப்படித்தான் பிறக்கிறது. அதுவும் நிலையானதல்ல. மணலை அள்ளி அள்ளி ஆற்றின் அடிமட்டம் இறங்கிவிட்டால் பழைய கணக்கு பொய்யாகிவிடும். மறுபடி அளக்க வேண்டும். வெயிலிலும் வெள்ளத்திலும் நின்று இதைச் செய்த கடைநிலை ஊழியர்களின் உழைப்பு இது. சம்பளம் நம் வரிப்பணம். பலன் மட்டும் அலமாரிக்கா?

செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள், அளவு நிலையமே இல்லாத ஆறுகளிலும் வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் முறையை வெளியிட்டார்கள். அந்த யந்திரம் 5,680 அளவு நிலையங்களின் கணக்கைப் படித்துக் கற்றது. ஊர் ஊராக எவனோ அளந்து, திறந்து கொடுத்ததால்தான் கற்றது. நாம் கொடுக்காவிட்டால், அடுத்தவன் ஆற்றைப் படித்துவிட்டு நம் ஆற்றுக்குக் குறி சொல்லும். அந்த ஆறுகளில் நம்மூர்போல எட்டு அணைக்கட்டும் ஏரிச் சங்கிலியும் இருக்குமா?

இப்போது காவிரிக்கு வருகிறேன், உங்கள் பயம் அங்கேதானே இருக்கிறது. நடுவர் மன்றம் 2007-இல் 192 டி.எம்.சி. என்றது, உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை 177.25 ஆக்கியது. இரண்டும் பிலிகுண்டுலுவில் அளக்க வேண்டிய தண்ணீர். அங்கே அளப்பது கர்நாடகமும் இல்லை, நாமும் இல்லை. மத்திய நீர் ஆணையம். அந்த எண் வெளியே தெரியாமல் இருந்திருந்தால், வராத தண்ணீரை வரவில்லை என்று எதை வைத்து வாதாடியிருப்போம்? கீழ்மடைக்காரனுக்குக் கணக்குதான் ஆயுதம். மறைத்து வைத்தால் லாபம் மேல்மடைக்காரனுக்கு. தஞ்சாவூர் விவசாயி யாரையாவது கேட்டுப் பாருங்கள், வகையாகச் சொல்வார்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு ஒரு அலுவலகத்தில் பழைய அணைக்கட்டுப் பதிவேடுகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு சார் உங்களுக்கு?" என்றார்கள். ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியாருக்கு எதற்காம்! பதிவேட்டைக் கரையான் கேட்டால் மட்டும் கொடுப்பார்கள் போல.

உங்களில் நீர்வளத்துறையில் ஆறேழு பேர் இருக்கிறீர்கள். உதவிப் பொறியாளராகச் சேர்ந்தபோது இனிப்போடு வீட்டுக்கு வந்தவர்கள். மேலிட உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், உங்கள் வேலையும் முக்கியம். ஆனால் முதலில் அந்தப் பதிவேடுகள் எந்த அறையில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுங்கள். அளவுகோலை இடம் மாற்றிய தேதி எழுதியிருந்தால் அதையும் குறியுங்கள். அது இல்லாமல் பழைய எண்களை நம்ப முடியாது. பிறகு ஸ்கேன் செய்ய முறைப்படி அனுமதி கேட்டு எழுதுங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள், திருத்தித் தருகிறேன்.